மகனை டிக்கியில் பூட்டிய பக்தியுள்ள தாய்

லைஃப் ஸ்கெட்ச் எழுதுறவங்க மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு கோபம்.

சமீபத்துல ஒரு அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். தூரத்துச் சொந்தத்துல ஒரு ஆச்சி. நல்ல வயசு, நிறைவான சாவு. அதுல ஒண்ணும் குறை இல்ல. அப்புறம் மைக் முன்னால வந்து நின்னு வாழ்க்கைக் குறிப்பை வாசிச்சாங்க பாருங்க...

பிறந்த தேதி. ஞானஸ்நானம். திடப்படுத்தல். திருமணம். பிள்ளைகள் பேரு. மருமகன்களுக்கு எந்த நாட்டுல என்ன வேலை (இது மட்டும் விலாவாரியா வரும்!). கடைசியா, அன்பான மனைவி, பாசமுள்ள தாய், ஜெபிக்கிற பாட்டி. நீதிமொழிகள் 31. ஆமென்.

அவ்வளவுதான்.

அந்த ஆச்சி, பாடகர் குழுவுல யாராவது சுருதி தப்பினா முன் பெஞ்சுல இருந்து திரும்பி ஒரு பார்வை பார்ப்பாங்க. பாட்டே நின்னுடும். அது எங்க போச்சு? காணிக்கைக் கணக்குல இடிச்சதுக்கு ஐயரையே நேருக்கு நேர் கேள்வி கேட்டாங்களே, அது? எல்லாத்தையும் இஸ்திரி போட்டு மடிச்சு வச்சுட்டாங்க. இதே குறிப்பை அடுத்த மாசம் வேற ஒரு ஆச்சிக்கு வாசிக்கலாம். பேரை மட்டும் மாத்தினா போதும்.

வீட்டுக்கு வந்தும் கடுப்பு தீரல. அப்பதான் ரூத் பெல் கிரகாம் ஞாபகம் வந்துச்சு. பிரசங்கியார் பில்லி கிரகாமோட மனைவி. (பில்லி கிரகாமைத் தெரியாதவங்க உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. 1956-ல மெட்ராஸுக்கும் பாளையங்கோட்டைக்கும் வந்து பேசிட்டுப் போனவர். திருநெல்வேலிப் பக்கம் பழைய ஆட்கள்கிட்ட அந்தப் பேரைச் சொன்னா இன்னும் அரை மணி நேரம் ஓடும்.)

நம்ம ஊர் அச்சுல ரூத்தைப் போட்டா இப்படி வரும்: 1920-ல பிறந்தாங்க, 1943-ல கல்யாணம், அஞ்சு பிள்ளைகள், 19 பேரப்பிள்ளைகள், 2007-ல 87 வயசுல கர்த்தருக்குள் நித்திரை. அன்பான மனைவி, பாசமுள்ள தாய், ஜெபிக்கிற பாட்டி. ஒரு எழுத்து பொய் இல்ல. ஆனா ரூத் அதுக்குள்ள எங்கயும் இல்ல.

அவங்க கல்லறைக் கல்லுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? கட்டுமானப் பணி முடிந்தது, பொறுமை காத்தமைக்கு நன்றி. அமெரிக்காவுல ரோடு போடுற இடத்துல அந்த வேலை முடியிற எல்லையில வைக்கிற போர்டு வாசகம் அது. கார்ல போகும்போது பார்த்திருக்காங்க. பார்த்ததுமே, இதுதான் என் கல்லறைக்குன்னு சொல்லிட்டாங்க. அப்படியே போட்டும்விட்டாங்க.

சரி, முதல்ல இருந்து வர்றேன்.

பிறந்தது அமெரிக்காவுல இல்ல. சீனாவுல, சிங்ஜியாங்பூன்னு ஒரு ஊர்ல. அப்பா நெல்சன் பெல், மிஷனெரி டாக்டர். அங்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரியை நடத்தினவர். உள்நாட்டுச் சண்டை, கொள்ளைக்காரங்க, அப்புறம் ஜப்பான்காரன். இதுக்கு நடுவுலதான் குழந்தைப் பருவம். 13 வயசுல படிக்க அனுப்பினது எங்க தெரியுமா? பியாங்யாங்! இன்னைக்கு வட கொரியாவோட தலைநகரா இருக்கிற அதே பியாங்யாங்தான். இப்போ அங்க கையில ஒரு பைபிளோட மாட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். 1930-கள்ல அங்க மிஷனெரி பிள்ளைகளுக்கு ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருந்திருக்கு.

வீட்டை விட்டுப் போறதுக்கு முந்தின ராத்திரி, விடியறதுக்குள்ள என்னைக் கொன்னுடுன்னு சாமிகிட்ட ஜெபம் பண்ணினாங்களாம். விடிஞ்சுது. உசுரோட இருந்தாங்க. அழுதுகிட்டே போனாங்க.

ஹாஸ்டல்ல வளர்ந்தவங்களுக்கு இது புரியும். எனக்கு நல்லாவே புரிஞ்சுது. பின்னாடி வருஷக்கணக்கா தனியா வீட்டை நடத்துற தைரியம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா, அந்த ஹாஸ்டல்ல இருந்துதான்னு நான் சொல்லுவேன்.

அவங்க ஆசைப்பட்டது கல்யாணத்துக்கு இல்ல. திபெத்துக்குப் போகணும், கல்யாணமே பண்ணிக்காம ஊழியம் செய்யணும்னு கனவு. 1937-ல காலேஜ் படிக்க அமெரிக்கா வந்தாங்க, இல்லினாய் மாநிலத்துல வீட்டன் காலேஜ். அங்க வந்து சேர்ந்தார் ஒரு ஒல்லியான, உயரமான, சத்தமாப் பேசுற பால் பண்ணைக்காரர் வீட்டுப் பையன். அவர்தான் பில்லி.

பில்லி கேட்ட கேள்வி சாமர்த்தியமான கேள்வி: நம்மளை ஆண்டவர்தான் சேர்த்து வச்சார்னு நம்புறியா? ரூத் ஆமான்னுட்டாங்க. அப்படின்னா நான் வழிநடத்துறேன், நீ பின்னால வான்னு சொல்லிட்டார் மனுஷன்.

(இந்த இடத்துல நான் அவங்க கதையைப் படிச்சுக்கிட்டிருந்த புத்தகத்தை மூடிட்டு ஒரு காபி போட்டுக் குடிச்சேன். ஆத்திரம்! திபெத் போயிடுச்சே!)

1943 ஆகஸ்ட் 13 கல்யாணம். வெள்ளிக்கிழமை பதிமூணு, அந்த ஊர்ல ஆகாத நாள். ராசி பார்க்கிறவங்க ஓடியே போயிருப்பாங்க.

கல்யாணம் முடிஞ்ச கையோட நடந்ததைக் கேளுங்க. ரூத்துக்குக் காய்ச்சல். பில்லி ஒஹையோவுல பிரசங்கம் பண்றதா ஒத்துக்கிட்டிருக்கார். புதுப் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு பிரசங்கத்துக்குக் கிளம்பிட்டார். அங்க இருந்து ஒரு தந்தியும் ஒரு பெட்டி மிட்டாயும் அனுப்பினார். போதாக்குறைக்கு, கல்யாணத்துக்கு முன்னாலயே ஒரு சபையில போதகர் வேலைக்கு ஒத்துக்கிட்டிருந்தார், கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே. ரூத்துக்குச் சரியான கோபம். இதையெல்லாம் பில்லியே தன்னோட சுயசரிதையில ஒளிக்காம எழுதியிருக்கார். அந்த நேர்மைக்காக மிட்டாய்ப் பெட்டியை மன்னிக்கலாம். பாதி மன்னிக்கலாம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நம்ம சபை மக்களுக்கு நல்லா உறைக்கிற விஷயமும் கூட.

பில்லி பாப்டிஸ்ட். ரூத் பிரெஸ்பிட்டேரியன், குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கினவங்க. பாப்டிஸ்ட்காரங்களுக்கு முழுக்கு ஞானஸ்நானம் முக்கியம்னு தெரியும்ல? உலகமே எழுந்து முன்னால வர்ற மாதிரி அழைப்புக் கொடுக்கிற பிரசங்கியாரோட மனைவி, முழுக்கு எடுக்கலன்னா எப்படி? நிறைய பேர் சொல்லிப் பார்த்தாங்க. ரூத் அசையல. நான் வாங்கினதே போதும்னுட்டாங்க. சாகிற வரைக்கும் பிரெஸ்பிட்டேரியன்தான். அவங்க சபையில, காலேஜ் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியும் நடத்தினாங்க.

நம்ம வீடுகள்ல யோசிச்சுப் பாருங்க. சிஎஸ்ஐ பொண்ணு பெந்தெகொஸ்தே வீட்டுக்கு மருமகளாப் போனா முதல் கேள்வியே முழுக்கு எப்போங்கிறதுதான். தாலி (அவங்க வீட்டுல அதுவும் கிடையாது) ஈரம் காயறதுக்குள்ள தொட்டித் தண்ணிக்குத் தேதி குறிச்சிடுவாங்க. கீழ்ப்படிதல்னு ஒரு வார்த்தையைச் சொல்லியே எத்தனை பொண்ணுங்களை வாயடைக்க வச்சிருக்கோம்! வழிநடத்துறேன்னு சொன்ன புருஷன் பின்னால போனவங்கதான் ரூத்தும். ஆனா எது வரைக்கும் போறதுங்கிறதை அவங்களே முடிவு பண்ணினாங்க. ரெண்டு பேரும் எல்லாத்துலயும் ஒத்துப்போனா ஒருத்தர் தேவையே இல்லைங்கிறது அவங்க அடிக்கடி சொல்ற பேச்சு.

விவாகரத்தைப் பத்தி எப்பவாவது யோசிச்சதுண்டான்னு கேட்டதுக்குச் சொன்ன பதிலும் பிரபலம். விவாகரத்தா, ஒருநாளும் இல்ல. கொலை, ஆமா, யோசிச்சிருக்கேன்!

கொலை யோசனை வர்றதுக்குக் காரணமும் இருந்துச்சு. பில்லி வீட்டுலயே இருக்க மாட்டார். 1949-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல எட்டு வாரம். 1954-ல லண்டன்ல பன்னிரண்டு வாரம். 1957-ல நியூயார்க்ல பதினாறு வாரம். லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு குழந்தையைப் பார்த்து, இது யார் குழந்தைன்னு பில்லி கேட்டிருக்கார். அது அவரோட சொந்தக் குழந்தை, ரெண்டாவது பொண்ணு ஆன். சிரிப்பு வருது. கொஞ்சம் நேரம் கழிச்சு சிரிப்பு வரல.

அவர் ஊர்ல இல்லாத ராத்திரிகள்ல, அவரோட கோட்டைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தூங்குவாங்களாம். ஊழியக்காரர் வீட்டம்மாக்களைப் பத்தி நம்ம கன்வென்ஷன் மேடையில ஒரு வரி சொல்லுவாங்க: "அவர்களுடைய தியாகம்". கைதட்டு. அப்புறம் சால்வை. கோட்டைக் கட்டிக்கிட்டுத் தூங்கின ராத்திரியை எந்தச் சால்வை ஈடுகட்டும்?

ஆனா ரூத் உட்கார்ந்து அழுதுகிட்டே இருக்கிற ரகம் இல்ல. வீடு கட்டினாங்க.

வட கரோலினாவுல மான்ட்ரீட்னு சின்ன மலையூர். ரூத்தோட அப்பா அம்மாவும் சீனாவுல இருந்து திரும்பி அங்கதான் இருந்தாங்க. பில்லி பேர் வாங்க வாங்க, வேடிக்கை பார்க்கிற கூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பிச்சுது. (அவங்க வீட்டுக் குட்டிப் பொண்ணு ஒருத்தி, பர்ஸை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட காசு வசூல் பண்ணினதா ஒரு கதை உண்டு. பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை.) இது சரிப்படாதுன்னு மலைக்கு மேல இடம் வாங்கி, 1950-கள்ல வீட்டைக் கட்டினாங்க. அக்கம்பக்கத்து மலைகள்ல பாழடைஞ்சு கிடந்த பழைய மரக்குடில்களை விலைக்கு வாங்கி, அந்த மரத்தையெல்லாம் பிரிச்சுக் கொண்டு வந்து கட்டினாங்க. புது வீட்டுக்கு எதுக்கு இந்தப் பழைய கட்டைன்னு தச்சர்களுக்கே பிடிக்கல. சில பேர் வேலையை விட்டுட்டே போயிட்டாங்க.

பில்லி கிளம்பும்போது, குளிர் காயற அடுப்பு ரெண்டுக்கு மேல வேண்டாம்னு சொல்லிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தா அஞ்சு!

பின்னால வான்னு சொன்னீங்கல்ல ஐயா? பின்னால வர்றவங்களுக்குக் கை சும்மாதானே இருக்கு.

அந்த வீட்டு அடுக்களையில, பாத்திரம் கழுவுற தொட்டிக்கு மேல ஒரு பலகை: இங்கே தினமும் மூன்று வேளை தெய்வ ஆராதனை நடைபெறும். மூணு வேளையும் பாத்திரம் கழுவுறதைத்தான் சொல்றாங்க. இதைப் படிச்சுட்டு நானும் எழுதி ஒட்டினேன். வீட்டுக்காரர் பார்த்துட்டு, அப்போ நான் ஆராதனையைக் குலைக்கக் கூடாதுன்னு ஹாலுக்குப் போயிட்டார். பலகையைக் கழட்டிட்டேன்.

அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்ட இன்னொண்ணு பலிச்சுது. அஞ்சு பிள்ளைகளை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பைபிள் வாசிக்க முடியுமா? முடியாது. அதனால பைபிளை எப்பவும் திறந்தே வச்சிருப்பாங்க. போகும்போது ஒரு வசனம், வரும்போது ஒரு வசனம். நான் முதல்ல அடுப்பு மேடையில வச்சேன். கடுகு வெடிச்சு லேவியராகமம் முழுக்க எண்ணெய்ப் பொட்டு. (பலி செலுத்துற அதிகாரம்தான், பொருத்தம்தான்.) சாப்பாட்டு மேசைக்கு மாத்தினேன். பையன் அது மேல டிபன் பாக்ஸை வச்சுட்டுப் போறான். இப்போ மிக்ஸி பக்கத்துல, கொஞ்சம் தள்ளி. மிக்ஸி ஓடுற சத்தத்துல வேற யாரும் கூப்பிட மாட்டாங்க. ஒரு சட்னி அரைபடுறதுக்குள்ள அரை சங்கீதம் முடிஞ்சிடுது.

பிள்ளை வளர்ப்புக்கு வர்றேன். தலைப்புல சொன்ன விஷயம்.

பிள்ளைகளைக் கார்ல ஏத்திக்கிட்டுச் சாப்பிடக் கூட்டிட்டுப் போறாங்க. மூத்த பையன் ஃபிராங்க்ளின் அக்காக்களைக் கிள்ளி வம்பு பண்றான். சொல்லிப் பார்த்தாங்க, கேட்கல. காரை ஓரங்கட்டினாங்க. பையனை இறக்கினாங்க. டிக்கியில போட்டுப் பூட்டினாங்க. வண்டியை எடுத்தாங்க!

கடைக்குப் போய் டிக்கியைத் திறந்தா, பையன் அழல, கெஞ்சல. கறி இல்லாம ஒரு சீஸ் பர்கர்னு ஆர்டர் கொடுத்தான்.

(இதை யாரும் செஞ்சு பார்க்காதீங்க. இன்னைக்குச் செஞ்சா போலீஸ் வரும், வரணும்.)

இந்தப் பையன்தான் வளர்ந்து சிகரெட், குடி, துப்பாக்கி, மோட்டார் சைக்கிள்னு அலைஞ்சான். காலேஜ்ல இருந்தும் வெளிய அனுப்பிட்டாங்க. உலகத்துக்கே மனந்திரும்புதலைப் பிரசங்கிக்கிறவர் வீட்டுலயே இப்படி. ஊர் என்னல்லாம் பேசியிருக்கும்! 1974-ல, 22 வயசுலதான் பையன் திரும்பினான். அது வரைக்கும் ரூத் அவனுக்காக முழங்கால்ல நின்னாங்க. பின்னாடி, வீட்டை விட்டு விலகிப் போன பிள்ளைகளையும் அவங்களுக்காகக் காத்திருக்கிறவங்களையும் பத்தி ஒரு புத்தகமே எழுதினாங்க. பிள்ளை சரியில்லன்னா தாயோட ஜெபம் சரியில்லன்னு சொல்ற கூட்டம் நம்மகிட்ட உண்டு பாருங்க, அவங்க அதை அவசியம் படிக்கணும்.

அதே 1974-ல இன்னொண்ணு. அப்போ ரூத்துக்கு 54 வயசு, ஏற்கனவே பாட்டி. பேரப்பிள்ளைகள் விளையாட, மரத்துல இருந்து கம்பியைப் பிடிச்சுச் சறுக்கி வர்ற மாதிரி ஒண்ணு கட்டினாங்க. பிள்ளைகளை ஏத்துறதுக்கு முன்னால பத்திரமான்னு பார்க்கணும்ல? தானே மரத்துல ஏறிட்டாங்க. கம்பி அறுந்துடுச்சு. பாட்டி கீழ. தலையில அடி, ஒரு வாரம் நினைவே இல்ல. முழிச்சப்போ நிறைய விஷயம் மறந்து போயிருக்கு. சின்ன வயசுல இருந்து மனப்பாடம் பண்ணின வசனங்களைத் திருப்பிக் கொடுத்துடுன்னுதான் ஆண்டவர்கிட்ட முதல்ல கேட்டாங்களாம். கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு.

அடுத்த வருஷமே அடுத்த கூத்து. 1975-ல சார்லட் நகரத்துல ஜனாதிபதி ஃபோர்டு கலந்துக்கிட்ட கூட்டம். ஒரு இளைஞர் எதிர்ப்புத் தட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, எல்லாருக்கும் மறைக்கிற மாதிரி முன்னால நிக்கிறார். ரூத் எழுந்து போய்த் தட்டியைப் பிடுங்கி, காலுக்கடியில போட்டு, அது மேல ஏறி நின்னுக்கிட்டாங்க. அவர் கேஸ் போட்டுட்டார். கோர்ட்டு தள்ளுபடி பண்ணிடுச்சு. (இதுல நான் அந்தத் தட்டிக்காரர் பக்கம்தான். எதிர்ப்புச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. ஆனா தட்டி மேல நிக்கிற ரூத்தம்மாவை நேர்ல பார்த்திருக்கணும்!)

ஜனாதிபதின்னதும் இன்னொண்ணு. 1964-ல வெள்ளை மாளிகையில விருந்து. ஜனாதிபதி ஜான்சன், துணை ஜனாதிபதியா யாரைப் போடலாம்னு பில்லிகிட்ட கேட்கிறார். மேசைக்கு அடியில ரூத் புருஷனை ஒரு உதை உதைச்சாங்க. எதுக்கு உதைக்கிறேன்னு பில்லி வெள்ளந்தியா எல்லார் முன்னாலயும் கேட்டுட்டார். ரூத் சும்மா விடல. ஆத்துமா சம்பந்தமான ஆலோசனை கேட்டா சொல்லுங்க, அரசியல் வேண்டாம்னுட்டாங்க. ஜான்சனும் நீங்க சொல்றது சரிதாம்மான்னார். பெண்கள் எழுந்து வெளிய போனதும் பில்லி பக்கம் திரும்பி, சரி, இப்போ நிஜத்தைச் சொல்லுன்னாராம்!

பில்லி பின்னாடி ஜனாதிபதி நிக்சனோட ரொம்ப ஒட்டிக்கிட்டு, கடைசியில பேரைக் கெடுத்துக்கிட்டு வருத்தப்பட்டதை யோசிச்சா, அந்த உதைக்கு என்ன மதிப்புன்னு தெரியும்.

1988-ல பில்லியோட சீனாவுக்குப் போய்ப் பிறந்த ஊரைப் பார்த்தாங்க. 1996-ல ரெண்டு பேருக்கும் சேர்த்து அமெரிக்க காங்கிரஸோட தங்கப் பதக்கம். பதக்கக் கதையை விட எனக்கு மான்ட்ரீட்ல இருந்த ஒரு பொண்ணு கதைதான் பெருசாத் தெரியுது. அம்மாவுக்கு மனநலம் சரியில்லாம, ஒன்பது வயசுல இந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த பிள்ளை. ரூத் அந்தப் பிள்ளைக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தாங்க. பின்னாடி அந்தப் பொண்ணுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, உனக்கு எழுத வரும், எழுதுன்னாங்க. அந்தப் பொண்ணுதான் துப்பறியும் நாவல் எழுதுற பாட்ரிஷியா கார்ன்வெல். அவங்க எழுதின முதல் புத்தகமே ரூத்தோட வாழ்க்கை வரலாறு, 1983-ல வந்தது. அதுக்கப்புறம்தான் பிணம், பிரேதப் பரிசோதனை எல்லாம்.

கடைசி வருஷங்கள்ல முதுகெலும்புத் தேய்மானம், படுக்கைதான். அப்பவும் ஒரு சண்டை பாக்கி இருந்துச்சு. எங்க அடக்கம் பண்றதுங்கிற சண்டை. ரூத்துக்குத் தன் மலைதான் வேணும். சாட்சிகளை வச்சு எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தாங்க. ஃபிராங்க்ளினுக்கு (ஆமா, டிக்கிப் பையன்தான்) சார்லட்ல கட்டிக்கிட்டிருந்த அப்பாவோட நினைவு நூலகத்துல வைக்கணும். சின்னப் பையன் அம்மா பக்கம். 2006 டிசம்பர்ல இது பேப்பர்ல வந்து நாறிடுச்சு. கடைசியில, ரூத் இறக்கறதுக்கு முந்தின நாள், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சார்லட்னே முடிவு பண்ணிட்டோம்னு பில்லி அறிக்கை விட்டார். 2007 ஜூன் 14-ல ரூத் போயிட்டாங்க. லூசியானா சிறைக் கைதிகள் ஒட்டுப்பலகையில செஞ்ச சவப்பெட்டி, விலை சுமார் 200 டாலர். 2018-ல, 99 வயசுல பில்லியும் பக்கத்துல வந்து படுத்துக்கிட்டார்.

நாங்க சேர்ந்து முடிவு பண்ணினோம்னு பில்லி சொன்னதை நம்பலாமா? அறுபத்து மூணு வருஷம் குடும்பம் நடத்தினவங்க, கடைசி நேரத்துல அவருக்காக விட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படி விட்டுக் கொடுக்கிறதும் ரூத்துக்குப் புதுசில்ல, திபெத்தையே விட்டவங்க. ஆனா எழுதிக் கொடுத்த கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கே? நான் சின்னப் பையன் கட்சி.

அந்த நூலகம் பில்லி வளர்ந்த பால் பண்ணை ஞாபகமா, மாட்டுக் கொட்டகை மாதிரி கட்டின கட்டடம். உள்ள போனா ஒரு பொம்மை மாடு வரவேற்கும். பேசும்! சீனாவுல பிறந்து, பியாங்யாங்ல படிச்சு, மலையில மரம் மரமாச் சேர்த்து வீடு கட்டின மனுஷியைக் கொண்டு போய் அந்த வளாகத்துல வச்சிருக்காங்க. ஃபிராங்க்ளினை மன்னிச்சிடலாம்னு பார்க்கிறேன், அந்த மாட்டைத்தான் முடியல.